டெரல் பெண் கேட்க ஆள் சேர்த்த கதை

டெரலைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவன் விளையாடும் விளையாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவனைப் பெற்ற மவுரீன் ஆன்ட்டிக்கு இது பிடிக்காது. "என் பையன் மில்லுல கிரேடர்னு எழுதுடா சேது, பூசைக்குத் தவறாம போறவன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கோல சிலாங்கூருக்கு வடக்கே, தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவனுக்கு வேலை. லோரிகள் வந்து குலைகளைக் கொட்டும். இவன் கையில் கம்பியோடு நின்று இது பழம், இது காய், இது அழுகல் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். லோரிக்காரர்கள் கெஞ்சுவார்கள், கத்துவார்கள், இவன் அம்மா வரைக்கும் இழுத்துப் பேசுவார்கள். டெரல் அசைய மாட்டான். ஒரு குலையைப் பார்த்து முடிவு சொல்ல அவனுக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். அதே டெரல் வீட்டுக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால், தன் வீரனுக்கு மீசை வைப்பதா வேண்டாமா என்று சோறு ஆறிப்போகும் வரை யோசிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் ஆடுவது நாலு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம். அவரவர் வீட்டிலிருந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆடலாம். முதலில் ஆளுக்கொரு வீரனை உருவாக்க வேண்டும். கொஞ்சம் புள்ளிகள் கொடுப்பார்கள். பலத்துக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு, பூட்டுத் திறக்க எவ்வளவு என்று அதைப் பங்கிட வேண்டும். அதன்பிறகு பூட்டைத் தொட்டாலும், காவலாளியிடம் பொய் சொன்னாலும், திரையில் ஒரு இருபது முகப் பகடை உருளும். பகடையும் உங்கள் புள்ளியும் சேர்ந்து போதுமான அளவுக்கு வந்தால் காரியம் நடக்கும். வராவிட்டால் நாலு பேரும் சேர்ந்து சாக வேண்டியதுதான்.

டெரல் முதல் தடவை தன் புள்ளிகளையெல்லாம் பூட்டுத் திறப்பதில் கொட்டினான். அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் பூட்டு இல்லை. "ஆளைத் தப்பா கட்டிட்டேன்லா, புதுசா தொடங்குவோம்" என்றான். அடுத்த தடவை நீச்சலில் போட்டான். ஆற்றில் அழகான பாலம் இருந்தது. மறுபடியும் தொடங்கினோம். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கிராமத் தலைவரின் ஓடிப்போன கோழிகளைப் பிடித்துக் கொடுத்தால்தான் ஊருக்கு வெளியே விடுவார்கள். எங்களில் ஓடுவதற்குப் புள்ளி போட்டிருந்தவன் நான். அந்தக் கோழிகள் எந்தப் புதருக்குள் ஓடும் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஜெராமில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு எதற்கு இந்தக் கோழிகள்?

கடைசியில் பேச்சுத்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று முடிவு செய்து, தன் வீரனுக்குப் பேச்சுத்திறனைப் பதினெட்டு வரை ஏற்றினான். அதைத் தாண்டி ஏற்ற முடியாது. பாலத்தில் ஒரு காவலாளி நிற்பான். டெரல் பேசி அவனை வழிவிட வைப்பான் என்பது திட்டம். ஆனால் ஆட்டத்தில் ஒரு கொடுமை உண்டு. காவலாளி, குழுவில் யார் நன்றாகப் பேசுவார் என்று பார்ப்பதில்லை. யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவரிடம்தான் பேசுவான். பதினெட்டு வைத்திருந்த டெரல் பின்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, காவலாளி பேசத் தொடங்கியது நிருபாவின் கோடாரிக்காரியிடம். அவளுடைய பேச்சுத்திறன் இரண்டு.

நிருபா எங்கள் நாலாவது ஆள். மூன்றாவது டெரலின் அக்கா பேட்ரிசியா, இன்சூரன்ஸ் விற்பவள். நாலாவது இடம் காலியாக இருந்தபோது இணையக் குழுவில் ஆள் கேட்டோம், நிருபா வந்தாள். கோல சிலாங்கூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். தன் வீரனை உருவாக்க அவளுக்கு ஒரு கோப்பை மைலோ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தி, வந்ததை வைத்துக்கொண்டாள். அன்று காவலாளியிடம் அவள் "தள்ளு" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். பகடை உருண்டு இருபது விழுந்தது. காவலாளி தள்ளி நின்று வணக்கம் வைத்தான்.

"இது அநியாயம்" என்று டெரல் கத்தினான்.

"நீ பேசு, நான் கேக்குறேன்" என்றாள் நிருபா. அன்றிலிருந்து அவன் நிறையப் பேசினான். ஆட்டம் முடிந்து நானும் பேட்ரிசியாவும் ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் வெகு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருடத்தில் நாங்கள் அந்த ஆட்டத்தின் இரண்டாவது ஊரைத் தாண்டவில்லை. பாலம் தாண்டியதும் டெரலுக்குத் தன் வீரனிடம் ஏதாவது ஒரு குறை தெரிந்துவிடும். மறுபடியும் கோழி.

ஆனால் காதல் மட்டும் வளர்ந்துவிட்டது. நிருபா வீட்டில் சொன்னாள். அவளுடைய அப்பா சபாரத்தினம் நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வாகீஸ்வரி பஞ்சாங்கம் பார்க்காமல் பல்லுகூடத் துலக்காதவர் என்று நிருபாவே சொல்வாள். அவர்கள் சைவம், இவன் வேதம், மாதா கோயில்காரன். அவர்கள் வழிவழியாகப் படித்து உத்தியோகம் பார்த்த குடும்பம், இவன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டியவர். இருந்தாலும் மகளின் பிடிவாதத்துக்கு இறங்கி, "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லு. ஆக்களைப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவன்" என்றார் சபாரத்தினம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்பாவை மீறி வரமாட்டேன் என்று நிருபா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

டெரலுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அது தணிந்ததும் என் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"ஒரே சான்ஸ்டா சேது. ஆளுங்கள சரியா கட்டணும்."

"பெண் கேக்கப் போறோமா, டிராகன் கொல்லப் போறோமா?"

"டிராகன்னா தோத்துட்டுத் திரும்பப் போகலாம்லா."

பேட்ரிசியா முன்னால் போய்ப் பேச வேண்டும் என்று முடிவானது. முன்பின் தெரியாதவனிடம் அவன் சாவைப் பற்றிப் பேசிக் கையெழுத்து வாங்குகிறவள், அவளுக்குப் பேச்சு பதினெட்டுக்கு மேலேயே இருக்கும். மவுரீன் ஆன்ட்டி சிரிக்க வேண்டும், பேசக் கூடாது. நான் பழத்தட்டைத் தூக்க வேண்டும். "உனக்குப் பலம் இருக்கு, வாய்தான் ஆகாது" என்றான். நானும் பொறுத்துக்கொண்டேன்.

சிக்கல் ராஃபேல் மாமாவால் வந்தது. அவர் மவுரீன் ஆன்ட்டியின் அண்ணன், டெரலுக்குத் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் பெண் கேட்கப் போக முடியாது. ராஃபேல் மாமா நல்ல மனிதர்தான், ஆனால் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அவருடைய பித்தப்பை ஆபரேஷனில் கொண்டுபோய் முடிப்பார். வயிற்றிலிருந்து எடுத்த கற்களை ஒரு சின்ன போத்தலில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். யாராவது லேசாகத் தலையாட்டினால் போதும், குலுக்கிக் காட்டுவார்.

"மாமாவைக் கடைசியா விடுவோம். பக்கத்துல நிக்கிறவன்கிட்டதான் பேசுவாங்க. தூரமா நின்னா ஒண்ணும் ஆகாது" என்றான் டெரல். ஆட்டத்தில் அவன் கற்ற ஒரே பாடம் அதுதான். யார் பின்னால் யார் நடப்பது என்று மாதா கோயில் வாகன நிறுத்துமிடத்தில் எங்களை ஒத்திகை பார்க்க வைத்தான். பாதர் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஏதோ புது பவனி என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும் நேரத்தில் அவனுக்குப் பழைய வியாதி திரும்பியது. மாமாவுக்குக் காடியில் முன் இருக்கையா பின் இருக்கையா என்று சந்தேகம். அம்மாவின் சேலை நிறம் சரியில்லை என்று மாற்றச் சொன்னான். பிறகு முதல் சேலையே நல்லது என்றான். எனக்கும் பேட்ரிசியாவுக்கும் இடத்தை மாற்றிப் பார்த்தான். நாலு மணிக்குப் போக வேண்டிய நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாகச் சாய்ந்திருந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்தோம். பெரியவர்கள் நாலு மணி என்றால் அதற்குள் வேறு கணக்கு இருக்கும் என்பது பூசை நேரம் மட்டும் பார்த்து வளர்ந்த அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும், நான் இந்துப் பக்கத்து ஆள்தான். ஆனால் என் வேலை தட்டுத் தூக்குவது.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். டெரல் எல்லாவற்றையும் யோசித்தான், செருப்பை யோசிக்கவில்லை. பேட்ரிசியா அன்றைக்கென்று கணுக்கால் வரை வார் கட்டிய செருப்பு போட்டிருந்தாள், குனிந்து பிரித்துக்கொண்டே இருந்தாள். மவுரீன் ஆன்ட்டி முழங்கால் வலியோடு தூணைப் பிடித்து நின்றார். டெரலின் சப்பாத்துக் கயிறு முடிச்சு விழுந்துகொண்டது. ஜப்பான் சிலிப்பர் போட்டிருந்த ராஃபேல் மாமா இரண்டு காலையும் ஒரு உதறு உதறிவிட்டு நேராக உள்ளே நடந்தார். அவருக்குப் பின்னால் தட்டோடு நான்.

"வாங்கோ, இருங்கோ" என்றார் சபாரத்தினம் ஐயா. "பயணம் எப்பிடி? சுகமா வந்தியளோ?"

"சுகத்துக்கு என்ன சார், இந்த ஆபரேஷனுக்கு அப்புறம்..." என்று மாமா சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

நான் தட்டை வாகீஸ்வரி அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். புளியைக் கடித்த முகம். கீழே வைக்கலாமா என்று தெரியாமல் தட்டோடு நின்றேன். அதற்குள் பித்தப்பைக் கற்கள் மேசை மீது வந்துவிட்டன.

பேட்ரிசியா மூச்சிரைக்க உள்ளே வந்தாள், பின்னாலேயே டெரலும் மவுரீன் ஆன்ட்டியும் வந்து உட்கார்ந்தார்கள். பேட்ரிசியா நிலைமையைப் பார்த்தாள். பதற்றத்தில் வாய் தானாகப் பழகிய வழியில் ஓடியது. "அங்கிள், உங்களுக்கு வயசு என்ன? சக்கரை, பிரஷர் ஏதாச்சும் இருக்குங்களா? உங்களுக்கு அப்புறம் ஆன்ட்டிய யார் பாத்துக்குவாங்கன்னு என்னைக்காச்சும் நினைச்சுப் பாத்தீங்களா?"

சபாரத்தினம் ஐயா கண்ணாடிக்கு மேல் அவளைப் பார்த்தார். பதினெட்டுப் புள்ளியோடு போய் ஒன்று விழுந்தால் இப்படித்தான் இருக்கும். நிருபா சமையலறை வாசலில் நெற்றியில் கை வைத்து நின்றாள்.

அப்போதுதான் டெரல் அதைச் செய்தான். எழுந்து நின்று, "அங்கிள், ஆன்ட்டி, மன்னிச்சிருங்க. நாங்க வெளிய போயிட்டு மறுபடி வர்றோம்" என்றான். மாமா கற்களைப் பொறுக்கினார். மவுரீன் ஆன்ட்டி சொன்னபடி சிரித்துக்கொண்டே எழுந்தார். நான் தட்டோடு திரும்பி நடந்தேன். பெண் கேட்கப் போன வீட்டிலிருந்து வெளியே போய்த் திரும்பவும் முதலிலிருந்து வருகிறோம் என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை இந்த மாவட்டத்தில் இவனாகத்தான் இருப்பான்.

ஆனால் வாகீஸ்வரி அம்மாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "ஓமோம், போய்ட்டு வாங்கோ! ஆறுதலா வாங்கோ!" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காடியில் ஏறி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் நிருபா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ராகு காலத்துல வந்து உக்காந்துட்டீங்க. அம்மாவால தட்டைத் தொட முடியல, வாயத் திறந்து சொல்லவும் முடியல. இப்ப உள்ள ஒரே புகழ்ச்சி. 'வேதக்காரப் பிள்ளையெண்டாலும் மணிக்கூட்டைப் பார்த்தவுடனை விளங்கிக்கொண்டு எழும்பிட்டுது பாருங்கோ, இதெல்லோ வளர்ப்பு'ன்னு அம்மா அப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருக்காங்க. முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. அப்புறமா வாங்க."

மவுரீன் ஆன்ட்டி மாதாவுக்கு நன்றி சொன்னார். ராகு காலத்துக்கு மாதா என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. டெரல் பல்லைக் காட்டிக்கொண்டே காடியிலிருந்து இறங்கினான். நிருபா அவனையே பார்த்தாள்.

"அதுக்காக நீ எந்திரிக்கல, இல்ல?"

"...இல்ல."

"பின்ன?"

"சரியா போகல. முதல்லருந்து..."

அவன் முடிக்கவில்லை. நிருபாவின் முகம் மாறிவிட்டது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆட்டத்தில் எத்தனை தடவை செத்தாலும் சிரிக்கிறவள்.

"மூணு வருசமா பாக்குறேன். ஒரு சின்ன தப்பு, உடனே எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு. என் கோடாரிக்காரிய நீ எத்தனை தடவை பாலத்துல விட்டுட்டு வந்திருக்க? நான் ஒண்ணும் சொல்லல, விளையாட்டுதானேன்னு. இப்ப எங்க வீட்டு ஹால்ல எங்க அப்பா முன்னாலயும் அதையே செய்ற. நாளைக்குக் கல்யாணம் பண்ணி, என்கிட்ட ஒரு குறை தெரிஞ்சா? எனக்கு ஒரு வியாதி வந்தா? அப்பவும் வெளிய போயிட்டு மறுபடி வர்றேன்னு சொல்லுவியா?"

காடிக்குள்ளிருந்து பேட்ரிசியா, "ஐயோ அப்படி இல்லன்னு சொல்லுடா" என்று கிசுகிசுத்தாள். "யோசிச்சு..." என்றான் டெரல்.

"யோசிக்காத. குலையப் பாத்து யோசிச்சா சொல்ற?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு பேசினான், யாரும் எழுதிக் கொடுக்காத பேச்சு.

"கட்டினது தப்புன்னு ஒவ்வொரு தடவையும் தொடங்கல நிருபா. முதல்ல சில தடவை அதுக்குத்தான். பாலத்துல நீ அந்தக் காவலாளிய தள்ளுன்னு சொன்னதுக்கு அப்புறம் அதுக்கு இல்ல. ஆட்டம் முடிஞ்சிட்டா நாலு பேரும் கலைஞ்சிருவோம். உன்னைக் கூப்பிட எனக்கு வேற காரணமே கிடையாது. முடிஞ்சிருமோன்னு பயந்துதான் ஒவ்வொரு தடவையும் அழிச்சேன். அப்புறம் பழகிப்போச்சு. பயம் வந்தா கை அங்கதான் போகுது."

நிருபாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் கலங்கியிருக்க வேண்டும், ஆனால் எனக்கு வந்தது கொலைவெறி. அடப்பாவி, உன் காதலுக்காகவா நான் மூன்று வருடம் கோழி பிடித்தேன்? தட்டு கையில் இல்லாமல் இருந்தால் அங்கேயே அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

"நேரம் ஆச்சு, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அது சரி என்பதா, இல்லை என்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

டெரல் சப்பாத்தைக் காடியிலேயே கழற்றினான். என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான். "அக்கா, நான் பேசுறேன்" என்றான். பேட்ரிசியா தடுத்தாள், ராஃபேல் மாமா முறை தவறுகிறது என்றார். அவன் வெறுங்காலோடு சரளைக் கல்லில் நடந்து போய்விட்டான்.

வாகீஸ்வரி அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கிச் சாமி அறையில் வைத்தார். சபாரத்தினம் ஐயா எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். டெரல் உட்காரவில்லை.

"அங்கிள், எனக்குச் சரியா பேச வராது. முன்னால வந்தது எல்லாம் நான் போட்ட கணக்கு, ஒண்ணும் பலிக்கல. எங்க மாமாவை நான் ஒளிச்சு வைக்கப் பாத்தேன், அதுவும் தப்பு. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் போயிருவேன். மறுபடி வேற மாதிரி கேட்டுக்கிட்டு வரமாட்டேன். எனக்கு நிருபாவைக் கொடுங்க."

இவ்வளவுதான். சோப்பும் இல்லை, சொக்குப்பொடியும் இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் பேச்சுத்திறன் இரண்டு என்று சொல்லியிருப்பேன். சபாரத்தினம் ஐயா மகள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?"

மூன்று வருடம் ஒரே கிராமத்தில் எங்களோடு கிடந்த அந்தப் பெண் டெரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இவரோட ஒருக்காவாவது கடைசி வரைக்கும் போய்ப் பாக்கணும் அப்பா."

சபாரத்தினம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "வாகீசு, மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டாரும்" என்றார்.